லோடு இல்லையாம்

போடியில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு உலகத்திலேயே பிடிக்காத பேச்சு ஒன்று உண்டு. ‘லோடு இல்லை’ என்பதுதான் அது. விடியுமுன் எழுந்து, வண்டியைத் துடைத்து, டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்து, ஸ்டாண்டுக்கு வந்து டீயை வாயில் வைக்கும்போது மலையிலிருந்து போன் வரும். இன்றைக்குத் தோட்டத்தில் வேலை இல்லை, லோடு இல்லை. அன்றைக்கு டீயும் கசக்கும், டீக்கடைக்காரர் முகமும் கசக்கும். இருபது வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் என்று நினைத்திருந்தேன். இன்னொரு அர்த்தமும் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் என் ஜீப்பையே விற்கப் பார்த்தேன்.

எங்கள் ஊர் சிலமலை. காலையில் ஊரிலும் போடியிலுமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் அவர்களையே திரும்ப அழைத்து வருவேன். பெரும்பாலும் பெண்கள். மேலே போகும்போது தூங்குவார்கள், கீழே வரும்போது சண்டை போடுவார்கள். அவர்களுடைய வீட்டுக் கதை எல்லாம் எனக்குத் தெரியும். என் கதை அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. தெரிந்து பதிமூன்று வருடம் ஆகிறது. எப்படி வந்தது என்று கேட்க உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். ஜீப் வாங்குவதற்கு முன்னால் வடக்கே லாரி ஓட்டினேன், அப்போது புத்தி கெட்டு நடந்தேன். என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவள் என்னோடு பேசாமல் இருந்த எட்டு மாதத்தையும் அனுபவித்து முடித்துவிட்டேன். அவளுக்கு நோய் இல்லை. வருடா வருடம் பரிசோதனை செய்கிறோம். இதற்கு மேல் யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

செலவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஜீப் வைத்திருக்கிறவன் பெரிய தொகை எதையும் ரூபாயில் யோசிக்க மாட்டான், டயரில் யோசிப்பான். முதல் இரண்டு வருடம் நான் அரசு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. அங்கே வரிசையில் நம் ஊர்க்காரன் ஒருத்தனாவது நிற்பான் என்ற பயம். அதனால் மதுரையில் என்னை யாருக்கும் தெரியாத தனியார் ஆஸ்பத்திரிகளைத் தேடித் தேடிப் போனேன். ஒரு ஸ்கேன் என்றால் இரண்டு டயர். ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து ஒரு பேட்டரி. மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் லேகியம் கொடுத்தார், அது ஒரு ரேடியேட்டர். கசப்பைத் தவிர அதில் வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த இரண்டு வருடத்தில் முழு ஜீப் ஒன்றை ஸ்பேர் ஸ்பேராகப் பிரித்து விழுங்கியிருக்கிறேன். உடம்பு மட்டும் தேறவில்லை.

கையில் ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் தேனிப் பக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் கவுன்சிலரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வார்டு கவுன்சிலருக்கு இந்த விஷயம் எதற்கு என்று திரும்பிப் போகப் பார்த்தேன். அப்புறம்தான் அது ஆலோசனை சொல்கிற வேறு கவுன்சிலர் என்று தெரிந்தது. நாற்பது வயதுள்ள ஓர் அம்மா. என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, “கூட்டு மருந்துன்னு ஒண்ணு இருக்கு, தெனம் சாப்புடணும், காசு கெடையாது” என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஆயுசுக்கும் என்றார். ஆயுசுக்கும் இலவசமாக ஒன்று கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் என் சட்டை எனக்குப் பொருந்த ஆரம்பித்தது. நம்பினேன்.

மாத்திரைக்குக் காசு இல்லைதான். மாத்திரை வாங்கப் போகிற நாளுக்குத்தான் காசு. மாதம் ஒரு நாள் ஜீப் வாசலில் நிற்கும். தோட்டத்துக்காரர்கள் அன்றைக்கு வேறு வண்டியைக் கூப்பிடுவார்கள். அந்த வேறு வண்டிக்காரன் அடுத்த நாளும் வரலாமா என்று கேட்பான். ஒவ்வொரு மாதமும் ஒரு நாளை மட்டுமல்ல, என் இடத்தையே கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுக்கிற மாதிரி இருக்கும். ஸ்டாண்டில் வேறு கேட்பார்கள், மாதா மாதம் தேனியில் அப்படி என்ன சோலி என்று.

அதற்கு நான் ஒரு கேஸ் போட்டேன். உண்மையான கேஸ் அல்ல, வாயால் போட்ட கேஸ். என் பெரியப்பா மகன் திருப்பூரில் இருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஊரில் பக்கத்துப் பக்கத்து நிலம். அவர் என் வரப்பை வெட்டி உள்ளே வந்துவிட்டதாகவும், கோர்ட்டில் கேஸ் நடப்பதாகவும், மாதா மாதம் வாய்தா என்றும் சொன்னேன். பல் டாக்டர் என்று சொல்லியிருந்தால் மூன்றாவது மாதம் என் வாயைத் திறந்து பார்த்திருப்பார்கள். நிலக் கேஸ் என்றால் எங்கள் பக்கம் எவனும் சந்தேகப்பட மாட்டான். பதினோரு வருடம் இழுக்கிறதா, இன்னும் முடியவில்லையா, அப்படித்தான் இருக்கும் என்று தலையை ஆட்டுவான்.

இந்தப் பொய்யை ஊரிலேயே அதிகமாக நம்பியவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன், அடுத்த தெருவில்தான் வீடு. முன்பு அவரும் ஜீப் வைத்திருந்தார். விற்றுவிட்டு இப்போது ஸ்டாண்டில் ஆக்டிங் டிரைவர், அதாவது வண்டிக்காரன் வர முடியாத அன்றைக்கு அவன் வண்டியை எடுத்து ஓட்டிக் கொடுப்பவர். வாய்தா அன்று சாவியை அவரிடம் கொடுத்திருந்தால் ஜீப் நின்றிருக்காது. அவரும் பலமுறை கேட்டார். நான் கொடுக்கவில்லை. சும்மா பொய் சொல்லிவிடலாம். ஒருவரிடம் உதவி வாங்கிக்கொண்டு அவரிடமே பொய் சொல்ல எனக்கு வரவில்லை. வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் சார்பில் கோபப்படுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். போடியில் ஒரு கல்யாணத்தில் அந்தத் திருப்பூர் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து வணக்கம் சொன்னார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாவம், அந்த மனிதர் என்னிடம் வந்து, “ஒன் மச்சானுக்கு எம் மேல என்னப்பா கோவம்?” என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவைத்தேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. அடுத்த கல்யாணத்தில் திருப்பூர் அண்ணன் மச்சானின் காதருகே போய்ப் பந்தியே திரும்பிப் பார்க்கும்படி ‘நல்லா இருக்கீகளா’ என்று கத்தினார். செய்வதையும் செய்துவிட்டு நக்கல் வேறு செய்கிறான் என்று மச்சானுக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

போன மழைக்காலத்தில்தான் சிக்கல் வந்தது. ஒருநாள் சாயங்காலம் மெட்டுப் பாதையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. நானும் ஆட்களும் மேலே மாட்டிக்கொண்டோம். தோட்டத்துக் கொட்டகையில் ஆறு நாள். தங்க இடம் கொடுத்தார்கள், கஞ்சியும் கப்பைக் கிழங்கும் கொடுத்தார்கள். மாத்திரை டப்பா மட்டும் சிலமலையில் இருந்தது. முன்பெல்லாம் ஜீப் டேஷ்போர்டுக்குள்ளேயே நாலைந்து மாத்திரை வைத்திருப்பேன். மச்சான் எப்போது என் வண்டியில் ஏறினாலும் தீப்பெட்டி தேடி அதைத் திறந்து துழாவுவார் என்பதால் எடுத்து வீட்டில் வைத்துவிட்டேன். ஆறு நாள் மாத்திரை இல்லை. கீழே வந்த பிறகும் நடுநடுவே விட்டேன். விட்டுப் பழகினால் விட்டுக்கொண்டே இருக்கிற புத்தி எனக்கு.

ஆஸ்பத்திரியில் மாத்திரை டப்பாவையும் கொண்டுபோக வேண்டும். மீதியைக் கொட்டி எண்ணுவார்கள். கூடுதலாகப் பதினொன்று இருந்தது. பழைய கவுன்சிலர் அம்மா மாறுதலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். அவள் மாத்திரைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஏண்ணே இப்பிடிப் பண்ணுனீங்க?” என்று மட்டும் கேட்டாள். டாக்டர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். வருடத்துக்கு ஒருமுறை எடுப்பதுதான். சீட்டில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். பழைய அம்மா அதைப் பெரிய டெஸ்ட் என்பார், நானும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தேன். மருந்துக்கு என் உடம்பு இன்னும் கட்டுப்படுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். கட்டுப்படவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

ரத்தம் எடுக்கிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கம்பம் பக்கத்துக்காரர். அவர்தான் என்னைக் கலங்கடித்தார். மாற்றுகிற மருந்தை வெளியில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார். நான் அதை டயராக மாற்றிப் பார்த்தேன். மாதத்துக்கு இரண்டு டயர். சாகிற வரைக்கும் மாதத்துக்கு இரண்டு டயர். முன்பெல்லாம் சீக்கிரம் செத்துவிடுவேனோ என்று பயந்தவன், அன்றைக்கு முதல்முறையாக, ரொம்ப நாள் இருந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும், போனில் சொல்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னாள். என் போன் மலையில் கிடைக்காது. வேறு நம்பர் கேட்டாள். மனைவியின் போன் மழையில் நனைந்து செத்துக் கிடந்தது. மச்சான் நம்பரைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, “போன்ல நோயப் பத்தி ஒரு வார்த்த வரக் கூடாதும்மா. என்ன டெஸ்ட்டு, எந்த ஆஸ்பத்திரி, எதையும் சொல்லக் கூடாது” என்று மூன்று முறை சொன்னேன். “சரிண்ணே, ஒங்களுக்கு மட்டும் புரியிற மாதிரிச் சொல்றேன்” என்றாள். கெட்டிக்காரப் பெண். நான்தான் அந்த அளவுக்குக் கெட்டிக்காரன் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜீப்பை விற்றுவிடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டேன். விற்ற பணத்தை பேங்கில் போட்டு மருந்து வாங்குவது, மச்சான் மாதிரி நானும் ஆக்டிங் ஓட்டுவது, இதுதான் என் திட்டம். “ரிசல்ட்டு வரட்டுங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று மனைவி தினமும் சொன்னாள். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. கெட்ட செய்தி வருவதற்கு முன்னால் போய் எதிர்கொண்டு கூட்டிவருகிற ஆள் நான். சின்னமனூர் புரோக்கர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர மனசு வரவில்லை. ஒருநாள் கழுவித் துடைத்துவிட்டு பானெட் மேல் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றேன். விற்கவா வேண்டாமா என்று அதனிடமே கேட்கிற நிலைமை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தால், மச்சான் கடுகடுவென்று நிற்கிறார்.

“மாப்ளே, ஒங்களுக்கு மத்தியானம் போன் வந்துச்சு. லோடு இல்லையாம்.”

“என்னிக்கி லோடு?”

“அதெல்லாம் சொல்லல. லோடு இல்லைன்னு சொன்னாப் போதும், அவருக்குப் புரியும்னுட்டு வச்சிருச்சு.”

எனக்குப் புரிந்தது. திங்கட்கிழமை முதல் தோட்டத்தில் என் வண்டி வேண்டாமாம், அதை முகத்துக்கு நேரே சொல்ல மனசில்லாமல் மச்சான் போனில் சொல்லிவிட்டார்கள். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு என்று நான் வராத நாட்களில் ஓட்டியவன் கடைசியில் என் இடத்தைப் பிடித்தேவிட்டான். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஒருவழியாக மனசு தெளிவாகிவிட்டது, நாளைக்கே வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். மனைவியிடம், “லோடும் போச்சு. இனி வண்டிய வச்சு என்ன பண்றது?” என்று மட்டும் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டு வைத்தாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை புரோக்கர் வந்தார். பானெட்டைத் திறந்து, இல்லாத கோளாறு எல்லாம் கண்டுபிடித்தார். மச்சான் என் பக்கம் நின்று, என் வண்டியைப் பற்றி எனக்கே தெரியாத பெருமைகளைச் சொன்னார். ஒருவழியாக விலை படிந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து ஆர்.சி. புக்கை வெளியே எடுத்து வைத்தேன். புரோக்கர் முன்பணத்தை எடுத்தார். மனைவி காப்பி கொண்டுவந்தாள்.

மச்சானுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. “இவ்வளவு நாள் ஓட்டுன வண்டி. ஒரே போன்ல லோடு இல்லைன்னுட்டாக. அதுவும் அந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டே சொல்லுது மாப்ளே! ஒருத்தன் பொழப்புல மண்ணு விழுறது அதுக்குச் சிரிப்பா இருக்கு!” என்றார்.

மனைவி காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

“எந்தப் புள்ளண்ணே?”

“யாரு கண்டா. பேரு சொல்லல.”

“சிரிச்சிக்கிட்டா சொல்லுச்சு?”

“சந்தோசமாச் சொல்லுதுங்கிறேன்.”

“ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க” என்று என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். “தோட்டத்துல ஒங்களுக்கு எந்தப் பொம்பள போன் பண்ணுவா? அதுவும் சிரிச்சிக்கிட்டு?” என்றாள். இருபது வருடத்தில் தோட்டத்திலிருந்து என்னைக் கூப்பிட்டதெல்லாம் சூப்பர்வைசர் ஒருவர்தான். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவளே என் போனை எடுத்து, கவுன்சிலர் பெண்ணின் நம்பரைப் போட்டு என் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. “நேத்தே ஒங்க மச்சான்கிட்டச் சொன்னேனேண்ணே. லோடு இல்லண்ணே.”

“எந்த லோடும்மா?”

“வைரல் லோடுண்ணே. ரத்தத்துல கிருமி எம்புட்டு இருக்குன்னு பாக்குற டெஸ்ட்டு. எண்ணிப் பாக்குற அளவுக்குக்கூட இல்ல. மருந்து நல்லாக் கேக்குது.”

“அப்ப மருந்து மாத்த வேணாமா?”

“வேணாம். அப்பிடியே மாத்துனாலும் நீங்க ஏன் கவலப்படுறீங்க? அதுவும் கவர்மெண்டே சும்மாதான் குடுக்கும்.”

“மாசம் ரெண்டு டயரு இல்லையா?”

“டயரா?” என்றாள் அந்தப் பெண்.

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் ஒருநாள்கூட விடக் கூடாது என்று அவள் சொல்வது தூரத்தில் கேட்டது. மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். என் வீட்டில் வீணாய்ப் போனதற்கு நான் திட்டு வாங்காத பால் அது ஒன்றுதான். எனக்குச் சந்தோஷம். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. மடியிலிருந்த கல்லை யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

வெளியே வந்து ஆர்.சி. புக்கை எடுத்து உள்ளே வைத்தேன். வண்டி விற்கவில்லை என்றேன். புரோக்கர் என்னைப் பார்த்து, மச்சானைப் பார்த்து, ஒரு நாள் கெட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். நியாயமான கோபம்தான். ஆனால் மச்சான் விடவில்லை.

“லோடு இல்லாத வண்டிய வாசல்ல நிறுத்திக் கும்புடப் போறீகளா? இருங்க, அந்தப் புள்ளைக்கே போன் போட்டு நாலு கேள்வி கேக்குறேன்.” சொன்னதோடு நிற்காமல் போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். எனக்காகச் சண்டைபோடக் கிளம்பிய மனிதர். அடுத்த பொய் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. மனைவி அடுப்படி வாசலில் நின்று, “சொல்லிருங்க” என்றாள்.

சொன்னேன். நோய், மாத்திரை, மண் சரிவு, லோடு, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. இதையா இவ்வளவு வருடம் சுமந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“எந் தங்கச்சிக்கு?” என்பதுதான் அவர் முதலில் கேட்டது.

“எனக்கு ஒண்ணுமில்லண்ணே. வருசா வருசம் பாக்குறோம்” என்றாள் மனைவி.

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப கேஸு?”

“கேஸே இல்ல மச்சான்.”

“வரப்பு?”

“வரப்பு வச்ச எடத்துலயே இருக்கு.”

“அப்ப அந்தத் திருப்பூர்க்காரரு மேல ஒரு தப்பும் இல்லையா? அட பாவி மனுசா! வந்து வணக்கம் சொன்னவர்கிட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேனேய்யா! பெறகும் அவரு வந்து, காதுல…” அவருக்குத் திடீரென்று என்னவோ தட்டுப்பட்டது. “அவரு ஏன் எங் காதுல வந்து கத்துனாரு?”

அதையும் சொன்னேன். மச்சான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடியுமுன் வழக்கம்போல் சூப்பர்வைசர் கூப்பிட்டார். “பணி உண்டு. வெரசா வரணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். என் இடம் எங்கேயும் போயிருக்கவில்லை. ஜீப் ஓடியது. மச்சான் மட்டும் என் பக்கம் வரவில்லை. ஸ்டாண்டில் நான் ஒரு மூலையில் நின்றால் அவர் இன்னொரு மூலையில் நின்று டீ குடித்தார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாரா, பொய் சொன்ன கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி போய்ப் பேசுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். பதினோரு வருடப் பொய்க்கு அவருக்கு ஒரு மாதமாவது கோபம் இருக்க வேண்டாமா?

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகிற நாள் வந்தது. தோட்டத்துக்கு வர முடியாது என்று முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன். குளித்துவிட்டு வெளியே வந்தால், மச்சான் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். இன்னும் சரியாக விடியவில்லை.

“சாவியக் கொண்டாங்க மாப்ளே.”

“எதுக்கு?”

“இன்னிக்கி ஒங்களுக்கு வாய்தாவுல்ல? தோட்டத்துக்குப் போன் போட்டு நாந்தான் வர்றேன்னு சொல்லிட்டேன். வேற வண்டி வேணாம்னு சொல்லிட்டேன்.”

சாவியைக் கொடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் டேஷ்போர்டைத் திறந்து துழாவினார். நான் மறுபடியும் அங்கே வைக்க ஆரம்பித்திருந்த சின்ன மாத்திரை டப்பா அவர் கையில் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இங்கயே கெடக்கட்டும். மண்ணு சரிஞ்சாலும் கையில இருக்கும்” என்று சொல்லி, டப்பாவை உள்ளே தள்ளி, தீப்பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, “நேத்து திருப்பூருக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டேன்” என்றார்.

“என்ன காரணம் சொன்னீக?”

“என்னத்தச் சொல்றது? இப்பக் காது சரியாயிருச்சு, நல்லாக் கேக்குதுன்னேன். அந்த மனுசன் எங்கிட்ட எந்த ஆஸ்பத்திரின்னு கேக்குறாரு.”

எனக்காக அவரும் ஒரு பொய்யைச் சுமக்க ஆரம்பித்துவிட்டார். “வெரசா கெளம்புங்க, பஸ்ஸு போயிரும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

போடியில் நான் தேனி பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் என் ஜீப் ஆட்களோடு வந்து, மெட்டுப் பாதையில் திரும்பியது. மாத்திரை வாங்கப் போகிற நாளில் அது ஓடி நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. பெண்கள் தூங்க ஆரம்பித்திருந்தார்கள். பின்னால் ஒருத்தி தொங்கிக்கொண்டு போகிற அளவுக்கு லோடு இருந்தது.